இரட்டை முடிச்சு

அத்தானின் முதுகு போனது ஒரு தும்மலில்.

வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மேலதிகாரிகள், தொழிற்சங்கம், சொந்த மாமனார் என்று ஆள் மாற்றி ஆள் முயன்றும் வளைக்க முடியாத முதுகு அது. மின்சார அலுவலகத்தில் அவருக்குக் 'கம்பம்' என்று பெயர். கம்பம் நட்டுப் பிழைக்கிற இடம் என்பதால் அது புகழ்ச்சியா ஏச்சா என்று யாராலும் தீர்மானிக்க முடியவில்லை. அவர் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு ஓய்வும் பெற்றுவிட்டார். அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே தும்மினார். வாஷ்பேசினைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடமே "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்குப் போகவேண்டும்.

பையன் என்றால், பாப்பா கட்டிக்கொள்ள விரும்பும் பையன். பாப்பா என் அக்கா மகள். ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்குகிறாள், வீட்டில் இன்னும் பாப்பாதான். கூட வேலை பார்க்கும் பையனைப் பற்றி அவள் சொன்ன அன்றைக்கே அத்தான் "முடியாது" என்றார். அவள் அழவில்லை, கத்தவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, "உப்பு எடுங்க" என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓட்டினாள். உப்பு எடுத்து எடுத்து அலுத்துப்போய், ஒருநாள் அத்தான், "சரி, போய்ப் பேசிட்டு வரேன்" என்றார். சொன்னாரே தவிர, போகவில்லை. ஒரு வாரம் வண்டி சரியில்லை. மறுவாரம் வானம் சரியில்லை. பையனின் அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்: "இந்த ஞாயிறும் வரலைன்னா, வரப்போறதில்லைன்னு எடுத்துக்கறோம். நாங்களும் வேற இடம் பாக்கணுமில்ல?"

போய் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளையை அனுப்பினால்கூட முடித்துவிட்டு வரும்.

காலையில் அக்கா இடுப்புப் பெல்ட்டை அவர் சட்டைக்குள்ளே மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். ஷூ மாட்டிவிடுவது என் பங்கு.

"செருப்புப் போட்டுக்கலாமே அத்தான்?"

"நான் சம்பந்தம் பேசப் போறேனா, பால் வாங்கப் போறேனா?"

குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். நானும் அதே மின்சார அலுவலகத்தில்தான் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறேன். 'கம்பத்தோட காலைப் பிடிச்சு உள்ள வந்தவன்' என்று என்னைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மறுத்துவந்த குற்றச்சாட்டு. அன்றைக்குத்தான் நிஜமாகவே பிடித்தேன். வழியில் நாடா அவிழ்ந்து தடுக்கினால் என்ன ஆவது என்று இரண்டு ஷூவுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்து இழுத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

"முதுகு விஷயத்தை அங்க போய் உளறினே, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றார் அத்தான்.

"வலிக்குதுன்னு சொன்னா என்ன அத்தான்? பையனோட அம்மா நர்ஸா இருந்தவங்கதானே?"

"பொண்ணு கேட்டு அவங்க வரலை, நான் போறேன். அதுவே பாதி வளைஞ்ச மாதிரி. மீதியையும் வளைச்சுக் காட்டணுமாக்கும்?"

அந்த அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறிய பிறகுதான் போனைப் பார்த்தேன். பாப்பா எப்போதோ அனுப்பியிருக்கிறாள். 'மாமா, ஒரே ஒரு விஷயம். அவங்க வீட்ல ஷூவை மட்டும் வெளியவே கழட்டச் சொல்லுங்க. அவங்கம்மா வேற எதை வேணா பொறுத்துக்குவாங்களாம். இதை மட்டும் மாட்டாங்களாம்.'

அத்தானால் குனிந்து படிக்க முடியாது. போனை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். கீழே இருந்த தன் ஷூவைப் பார்க்க முயன்றார். கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது. லிஃப்ட் கதவு திறந்துகொண்டது.

வாசலில் ஒரு பலகை: 'காலணிகள் வெளியே இளைப்பாறட்டும்.' பக்கத்தில் மூன்று தட்டுள்ள அலமாரி. மேல்தட்டு வீட்டாருக்கு, நடுத்தட்டு விருந்தாளிக்கு, கீழ்த்தட்டில் 'மற்றவர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்கும் பக்கத்தில், உட்கார்ந்து கழற்றுவதற்காக முழங்கால் உயரங்கூட இல்லாத ஒரு முக்காலி. அத்தான் அதைக் கிணற்றை எட்டிப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். உள்ளே தெரிந்த தரை, பால் கொட்டினால் கண்டுபிடிக்க முடியாத வெள்ளை.

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்று பையனின் அப்பா ஓடிவந்தார்.

"இன்னும் ஆகலை" என்றது பின்னால் ஒரு குரல். அதுதான் பையனின் அம்மா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஊரே 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்ட பழக்கதோஷத்தில் கணவரும் ஒருமுறை அப்படியே கூப்பிட்டுவிட்டாராம். அந்தம்மா திருத்தவும் இல்லையாம். "வாங்க சார். கால்ல இருக்கறதை மட்டும் இங்க விட்டுட்டு வந்துடுங்க. ரோட்டுல என்னென்ன கிருமி இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

நான் என் செருப்பை உதறிவிட்டு, எந்தத் தட்டு என்று யோசித்து, 'மற்றவர்' தட்டில் வைத்தேன். அத்தான் நின்றார். வலது குதிகாலை இடது ஷூவின் நுனியால் மிதித்து நைஸாகக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. என் முடிச்சு அப்படி.

"உக்காந்து கழட்டுங்க சார். அதுக்குத்தான் முக்காலி."

"பரவாயில்லை. நான் நின்னே பழகினவன்."

பையன் உள்ளேயிருந்து வந்து கும்பிட்டான். நல்ல களையான முகம். பயத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவன் கண் அத்தானின் ஷூவுக்கும் அம்மாவின் முகத்துக்குமாகப் போய்ப் போய் வந்தது.

அந்தம்மா விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் இல்லை. உள்ளே போய் இரண்டு நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளோடு வந்தார். "கழட்டக் கஷ்டமா இருந்தா இதை ஷூ மேலயே மாட்டிக்கங்க. கேஸ் கொண்டு வர்றவருக்குன்னு வெச்சிருக்கேன்."

அதை மாட்டவும் குனிய வேண்டும் என்பதை அத்தானின் முகத்தில் பார்த்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"கேஸ்காரனுக்கு வெச்சதையா எனக்குக் குடுக்கறீங்க?"

"கேஸ்காரரும் மனுஷன்தானே சார்?"

"நான் இல்லேங்கலை. ஆனா ஷூவைக் கழட்டினாத்தான் மரியாதைன்னு நான் ஒத்துக்கறதில்லை. அது என் கொள்கை."

ஒரு நிமிஷம் முன்னால் வரை அந்தக் கொள்கை உலகத்தில் கிடையாது. அவர் வீட்டில் தினமும் நடை வாசலிலேயே கழற்றுகிறவர். கழற்றாமல் வந்தால் அக்கா துடைப்பத்தோடு நிற்பாள். முதுகு வலி என்று சொல்ல வெட்கப்பட்டு, திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கத் துணிந்துவிட்டார் மனிதர்.

பையனின் அப்பா நிலைமையைச் சமாளிக்க, தன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து எங்களோடு நின்றார். "காத்தாட இங்கயே பேசலாமே" என்றார். அந்த நடையில் காற்று வர ஜன்னலே இல்லை. எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல்கடை திறந்து, அதில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

அத்தான் தொண்டையைச் செருமினார். "நான் சரின்னு சொல்ல வந்தேன். எனக்குச் சம்மதம். சொல்லிட்டேன்."

"அதான் சரின்னுட்டாரே!" என்று குதித்தார் பையனின் அப்பா.

"வாசல்ல நின்னு சொல்ற சரி, சரியில்லை" என்றார் அந்தம்மா. "உள்ள வந்து உக்காந்து சொல்லட்டும். வாசல்லயே நின்னுட்டுப் போறதுக்கு இவர் என்ன மீட்டர் பாக்கவா வந்தாரு?"

மீட்டர் பார்ப்பவன் நான்தான். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. யார், என்ன கேட்பாள் என்று தெரியும்.

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் செய்தேன். சட்டென்று குத்துக்காலிட்டு அத்தானின் இடது ஷூ நாடாவைப் பிடித்தேன். இரட்டை முடிச்சு. நகம் வலிக்க வலிக்க நெம்பினேன்.

"எழுந்திருடா" என்றார் அத்தான், உதடு அசையாமல்.

"அத்தான், ரெண்டே நிமிஷம்."

"என்ன சார் இது?" அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. "மச்சானை விட்டு ஷூ கழட்டச் சொல்றீங்களா? உங்க வீட்ல இதுதான் வழக்கமா?"

"ஐயோ, இல்லைம்மா, அவர் சொல்லலை, நானாத்தான்..."

"நீங்க நானாத்தான்னு சொல்ற அளவுக்குப் பழக்கி வெச்சிருக்காரு!"

முடிச்சு அவிழ்ந்தது. இடது ஷூவை உருவினேன். ஒரு கால் தாழ்ந்ததும் அத்தானுக்கு இடுப்பு ஒரு பக்கம் இழுத்திருக்கவேண்டும். என் தோள்மேல் கையை வைத்து அழுத்தினார். பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும்: காலடியில் உட்கார்ந்தவன் தோளில் கையூன்றி நிற்கும் ஒரு மகாராஜா.

அப்போதுதான் பையன் வெளியே பாய்ந்தான். எனக்கு எதிரே மண்டியிட்டு, "இந்தக் காலை நான் பாத்துக்கறேன் மாமா" என்று அத்தானின் வலது ஷூவைப் பிடித்தான். அதுவரை 'சார்' என்று கூடக் கூப்பிடத் துணியாதவன். அந்த 'மாமா'வைக் கேட்டதும் அத்தானின் தாடை ஆடியதைக் கீழேயிருந்து நான் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

"எழுந்திரு!" என்று ஒரு வார்டையே எழுப்புகிற குரல் கேட்டது. "எழுந்திருடா முதல்ல! கல்யாணத்துக்கு முன்னாடியே காலைப் பிடிக்கறியா? நான் உன்னை யார் காலையும் பிடிக்கிறதுக்கு வளக்கலை!"

"அம்மா, முடிச்சு இறுகியிருக்கு..."

"இறுகட்டும்!"

பையன் எழுந்தான். அவன் முழங்காலில் ரோட்டுத் தூசி. அந்தம்மா அதைத்தான் பார்த்தார்.

அத்தான் லிஃப்ட் பக்கம் திரும்பினார். கழுத்தை மட்டும் திருப்ப முடியாததால், பீரோவை நகர்த்துகிற மாதிரி முழு உடம்போடு திரும்பினார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ்.

"நில்லுங்க" என்றார் அந்தம்மா. குரல் மாறியிருந்தது. இரண்டடி வெளியே வந்துவிட்டார், வெறுங்காலோடு. அவர் வெறுங்காலோடு வாசலைத் தாண்டியதை அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கணவர் வாயைப் பிளந்தார். "சார், முதுகா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டிலில் படுக்கவைத்தே சம்பந்தம் பேசி முடித்திருப்பார்கள்.

"இல்லை" என்றார் அத்தான்.

"ஆமாம்மா!" என்று கத்திவிட்டேன். "முதுகுதான். வெள்ளிக்கிழமைலேருந்து. குனியவே முடியலை, பெல்ட்டுப் போட்டிருக்காரு, வேணும்னா சட்டையைத் தூக்கி..."

"அவன் உளறுவான். அவன் பேச்சைக் கேக்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அத்தானுக்கும்தான்.

"நோயாளி வாயால சொல்லணும்" என்றார் கடைசியில். "கூட வந்தவங்க சொல்றதை வெச்சு நான் எந்தக் காலத்துலயும் மருந்து குடுத்ததில்லை." உள்ளே போனார். வாசலிலேயே நின்று பாதத்தைத் துணியால் துடைத்துக்கொண்ட பிறகே போனார்.

பையன் இடது ஷூவை எடுத்து என்னிடம் நீட்டினான். ஏதோ சொல்ல வந்தவன், "பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான். பையனின் அப்பா லிஃப்ட் வரைக்கும் வந்தார். "வெயில் அதிகம்" என்றார். அவரும்தான் வேறு என்ன சொல்வார்?

லிஃப்ட் மூடிக்கொண்டது. அத்தான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் மறுபடியும் குத்துக்காலிட்டேன். பாதத்தைத் தூக்கி முழங்கால்மேல் வைத்து ஷூவுக்குள் நுழைத்தேன். அப்படியே சாய்ந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன். பாதம் சின்னதாகத்தான் இருந்தது.

"ஒத்த முடிச்சாப் போடு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

"பாப்பாவா?"

"ஆமாம் அத்தான்."

"என்ன கேக்கறா?"

எடுத்துப் பார்த்தேன். "ஷூவைக் கழட்டினீங்களான்னு கேக்கறா."

லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் கண்ணைத் திறந்து எதிரே கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்தார். நிமிர்ந்துதான் இருந்தார். வேறு மாதிரி இருக்க வழியும் இல்லை.

"கழட்டினேன்னு சொல்லு."

ஒரு கையில் போன், ஒரு கையில் அவர் கால். எதைக் கீழே வைத்துவிட்டு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தரைத்தளம் வந்து கதவு திறந்தது. யாரோ ஏற வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த லிஃப்டில் வருவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.