சிவப்பில் எழுதிய மூன்று

சியூலுவான் அக்கா இன்றைக்குத் தன் கண்ணை நம்புவதில்லை. அதற்குக் காரணம் நான்.

சீஜி நகரில் எங்கள் கம்பெனி ஜோடிப் பெட்டிகள் செய்கிறது. ஒன்று கணினியோடு இருக்கும். மற்றொன்று எங்கோ தள்ளி, திரையும் கீபோர்டும் மவுஸும் வைத்திருப்பவர் மேசையில் இருக்கும். நடுவில் ஒரே கேபிள். திரையில் வரும் படம் முழுசாக அதில் போகாது. அதனால் முதல் பெட்டி வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பும், நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகச் சுருக்கும். மறு பெட்டி விரித்துக் காட்டும். மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்று நான் அடித்துச் சொல்வேன். அந்தச் சுருக்கம் என் கைவேலை, தலைக்கனம் வேறு.

அக்கா பரிசோதனைப் பிரிவு. தாழ்வாரக் கோடியில் இருந்த மறு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். புது மாடல் விற்பனைக்குப் போகவேண்டிய வாரத்தில் போன் செய்தார்.

"தம்பி, கறுப்புல சின்னதா இருக்கற சிவப்பு எழுத்து கசங்குதுப்பா. மூணு, எட்டாட்டம் தெரியுது."

"கோயில் ஊர்வல வீடியோ போட்டுப் பாத்தோமே, என்னமா இருந்துச்சு!"

"ஊர்வலத்தை யாருப்பா படிக்கப்போறா? கன்ட்ரோல் ரூம்ல நம்பரைத்தானே படிப்பாங்க."

"உங்களுக்கு வெள்ளெழுத்துக்கா. கண்ணாடிய மாத்துங்க."

அவர் விடவில்லை, பரிசோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட மறுத்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூட்டத்தில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இது என்ன நம்பர்க்கா?"

"மூணு," என்றார் மெல்ல. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்கூட்டரையும் விற்றுவிட்டார். நம்பரே பிடிபடாத கண்ணோடு ரோட்டில் எப்படிப் போவது என்றாராம். சீஜி மழையில் அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு வாடிக்கையாளர் ஒருவர், மறுமுனைத் திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். சிவப்பு மூன்று, அச்சு அசல் எட்டு. அப்போதுதான் உறைத்தது. என் ஸ்கிரீன்ஷாட், படம் கணினியைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் எடுத்தது. என் பெட்டி செய்த வேலை அதில் எப்படி இருக்கும்? இது தெரியாத ஆளா நான்?

பேக்கிங் பிரிவுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "திரும்பி வாங்கக்கா. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவர் லேபிள் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வந்து, என் நாற்காலியில உக்காந்து பாத்திருக்கலாமே தம்பி?"

"தப்புதாங்க்கா."

"இப்ப வந்து என்ன பண்ண? எதப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு. இப்படிப்பட்டவள வெச்சு நீ என்னத்த டெஸ்ட் பண்ணுவ?"

சொல்லிவிட்டு, ஒட்டிய லேபிளை விரலால் தடவிப் படித்தார். பிறகு பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இந்த நம்பர் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரேன்."

சரியாகத்தான் இருந்தது.