மகிழினி அடித்த மனு

விம்கோ நகரில் ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்திவிட்டான். குத்தியவன் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன் என்று பேப்பரில் வந்தது. மறுநாளே தெருச் சங்கச் செயலாளர் வேலப்பன் மகிழினி வீட்டு வாசலில் நின்றார்.

"நீ டைப்பு கத்துக்கினு கீறே இல்ல? அந்த சுஜா பிரௌசிங் சென்டரை இஸ்த்து மூடச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஒரு மனு அட்ச்சிக் குடும்மா. பசங்க கலீஜாப் பூடுதுங்க."

மகிழினி பகலெல்லாம் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் சரக்குப் பட்டியல் பதிகிறவள். அங்கே அவளோடு பேச ஆளில்லை. வேலைக்கும் மாலை டைப்பிங் வகுப்புக்கும் நடுவில் ஒரு மணி நேரம் சுஜா கடையில் அதே துப்பாக்கி விளையாட்டில் கழியும். கூட்டமில்லாத நாளில் சுஜாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, பின்னால வாரான் பாரு, சுடு!" என்று கத்துவாள். இது வீட்டுக்குத் தெரியாது.

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வேறு யாராவது எழுதினால் கடைக்கே வேட்டு வைப்பார்கள். நாமே எழுதினால் பக்குவமாக எழுதலாம் என்று நினைத்தாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நாலாவதை முடித்தாள். இரண்டு விளையாட்டுகளை மட்டும் நீக்க வேண்டும், சிறுவர்களைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த விளையாட்டுகளில் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று வரிசையாக அடித்தாள். வேலப்பன் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்தார்.

அடுத்த வாரம் போலீஸ் சுஜா கடையின் ஆறு கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு போனது. மகிழினி போனபோது சுஜா மனுவின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாயைச் சுட்டாத்தான் மூணாங்கட்டத்துல கதவு தொறக்கும்னு வேலப்பனுக்கு எப்படிட்டி தெரியும்?"

"அக்கா, மூடச் சொல்லி நான் எழுதலக்கா."

"மூடுங்கன்னு மொட்டையா எழுதிருந்தா ஓரமாப் போட்டிருப்பாவ. முன்னால ரெண்டு மனு அப்படித்தான் கெடக்கு. இதுலதான் எல்லா விவரமும் இருக்குன்னு எஸ்.ஐ. சொல்லுதாரு." சுஜா தாளை மடித்தாள். "ஒரு பிழை இல்ல. நல்லா அடிச்சிருக்க. போ."

அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று மகிழினிக்குத் தோன்றியது.

தெருமுனையில் வேலப்பன் எதிரே வந்தார். "தூள் கெளப்பிட்டம்மா! அட்த்தது தண்ணி லாரிக்கு ஒரு மனு கீது, அட்ச்சிக் குடுக்கிறியா?"

வேலைக்கும் வகுப்புக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம் இனிக் காலிதான். "எப்ப வரட்டும் மாமா?" என்று கேட்டாள் மகிழினி.