பங்குக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை

திங்கட்கிழமை பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்த கையோடு மேர்சி போனைத் திறந்தாள். பார்த்ததும் திரையைப் பாவாடையில் துடைத்தாள். றப்பர்ப் பால் பிசுக்கு ஒட்டி ஏதாவது எழுத்தை மறைக்கிறதோ என்று ஒரு நப்பாசை. துடைத்த பிறகும் அதே இலக்கம்தான். வெள்ளிக்கிழமை பதினாலு லட்சத்து இருபத்தோராயிரமாக இருந்த காசு, பதினாலு லட்சத்து ஆறாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டுகிற பெண்களில் யூனிட் டிரஸ்ட் கணக்கு வைத்திருக்கிறவள் இவள் ஒருத்திதான் என்று சத்தியம் பண்ண முடியாது. யார் மடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மேர்சிக்கு வழியில் ஒரு பயமும் இல்லை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில்தான் பயம். சீட்டு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று யாராவது வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல இவளுக்கு வாய் வராது. அதனால் இரண்டு வருஷமாக ஒரு குஞ்சு குருவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

காசு வந்தது மாணிக்கத்தில். புருஷன் லியோன் வயல் நடுவே மாணிக்கக் குழிகளில் இறங்குகிறவன். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். கல் கிடைத்தால் நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு, தண்ணி இறைக்கிற மெஷின்காரனுக்கு ஒரு பங்கு, குழியில் இறங்கினவர்களுக்கு மிச்சம். கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் சமமாகச் சேறு. பதினெட்டு வருஷம் சேறு பங்கிட்டவனுக்கு ஒரு நாள் பதினொன்றரை லட்சம் பங்காக வந்தது. அப்படியே கொண்டுவந்து பெண்சாதி கையில் கொடுத்தான். "என் கண்ணுல படாம வை. பட்டா அடுத்த குழியில போட்டுருவேன்," என்றான். தன்னைத் தெரிந்த மனுஷன்.

மேர்சி அதை வைத்த விதம் தனிக் கதை. டவுன் கூட்டுறவு மண்டபத்தில் கொழும்புக் கம்பனி ஒன்று நடத்திய கூட்டத்துக்குள் மழைக்கு ஒதுங்கினவள், கூட்டம் முடியுமுன் மூன்று கேள்வி கேட்டாள். அரசாங்கம் கடன் வாங்கும்போது ஒரு பத்திரம் கொடுக்கிறது. தனியாளாகப் போய் அதை வாங்கப் பெரிய காசு வேண்டும். ஆயிரம் பேருடைய காசைச் சேர்த்து கம்பனி வாங்கும். அதுவரை சுலபமாகப் புரிந்தது. வட்டி இறங்கினால் பத்திரத்துக்கு விலை ஏறும், வட்டி ஏறினால் விலை இறங்கும் என்ற தலைகீழ்க் கணக்கு மண்டையில் ஏறத்தான் இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாள் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று விளங்கியது. நம்மிடம் இருக்கிற பழைய பத்திரம் பன்னிரண்டு தருகிறது, புதுசாக வருகிறது பத்துத்தான் தருகிறது என்றால் எவனும் பழசைத்தானே தேடி வருவான்? அதுவே புதுசு பதினாலு தந்தால் பழசை யார் சீண்டுவார்கள்? அவ்வளவுதான் விஷயம். அன்று ஒரு மரத்தை இரண்டு தடவை வெட்டிவிட்டாள்.

அதன்பிறகு புதன்கிழமை தோறும் அரசாங்கத் திறைசேரியின் பத்திர ஏலத்தில் வட்டி என்ன ஆனதென்று பார்க்காமல் சோறு இறங்காது. போன வருஷம் தரகர் கம்பனி ஒன்றில் பங்குச்சந்தைக் கணக்கும் திறந்து, நாலாயிரம் ரூபாய்க்குத் தன் தோட்டத்தை நடத்துகிற கம்பனியின் பங்கையே வாங்கிப் போட்டாள். அன்றைக்குத் தோட்டத்து மேனேஜர் துரை ஜீப்பில் போனபோது, மற்றப் பெண்கள் ஒதுங்கி வழி விட, இவள் மட்டும் ஒரு நொடி தாமதித்துத்தான் ஒதுங்கினாள். முதலாளியல்லவா.

இப்போது அந்தக் காசுக்கு வேலை வந்துவிட்டது. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மக்கீன் முதலாளி, தோட்டத்து எல்லையில் ரோட்டோரமாக ஆறு பேர்ச் காணியை விற்கிறார். பதினாலு லட்சம், வெள்ளிக்கிழமைக்குள் முழுக்காசு. தவறினால் எஹலியகொடையிலிருந்து ஓர் ஆள் வாங்கத் தயாராக நிற்கிறான். நாலு தலைமுறையாகக் கம்பனி லயத்தில் இருந்தாயிற்று. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை விழுந்தாலும் ஆபீசில் போய்க் கெஞ்ச வேண்டும். அந்த ஆறு பேர்ச்சை மேர்சி வாரத்துக்கு ஒரு தரமாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குசினி எந்தப் பக்கம் என்பதுகூட முடிவாகிவிட்டது.

அன்று பின்னேரம் லியோன் சேற்றைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் தாளை நீட்டினாள். அந்தக் கணக்கில் காசு போட அவள் ஒருத்தி போதும், எடுக்க இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

"இந்தாங்க, இதுல ஒரு கையெழுத்து போடுங்க. காச எடுத்துருவோம். வட்டி ஏறப் போகுதாம், இன்னைக்கே பதினஞ்சாயிரம் எறங்கிருச்சு."

லியோன் பேனாவை வாங்கினான். பிறகு கேட்டான்.

"மத்தவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"எந்த மத்தவங்க?"

"பங்குக்காரங்ககிட்ட."

மேர்சிக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வினை எங்கே முளைத்ததென்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து கணக்கு திறக்கக் கையெழுத்து கேட்டபோது, என்ன இது என்றான். யூனிட் என்றால் என்னவென்று சொல்ல அன்று அவளுக்கே சரியாகத் தெரியாது. "இதுவும் ஒரு பங்குதாங்க, நெறைய பேரு சேந்து போடுறது," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பங்கென்றதும் மறுபேச்சில்லாமல் வைத்தான் கையெழுத்து.

"அது குழி இல்லீங்க. கொழும்புல கம்பனி. ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாது. யாரும் எப்பவும் எடுக்கலாம்."

"ஏறுறப்ப எடுத்தா யாரும் கேக்க மாட்டான். எறங்குதுன்னு நீயேதான சொல்லுற. தண்ணி ஏறுறப்ப சொல்லாம ஏணியில ஏறுறவன் பேரு என்னா?"

"தெரியாத ஆளுங்ககிட்ட எப்பிடிங்க போயி சொல்றது?"

"தெரியாதவனத் தண்ணி முக்காதா?"

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தான். அதற்குக் காரணம் மேர்சிக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் றக்வானப் பக்கம் ஒரு குழியில், லாபம் வராதென்று கண்டதும் மெஷின்காரன் யாரிடமும் சொல்லாமல் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கீழே முப்பது அடியில் லியோனும் இன்னும் இரண்டு பேரும். சத்தம் நின்ற பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நெஞ்சுவரை தண்ணீரில் ஏறி வந்தவன் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அந்த மனுஷனிடம் இப்போது என்ன சொல்ல?

என்றாலும் கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை பதின்மூன்று லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். காணி விலைக்குக் கீழே போயாயிற்று. தாளை அவன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பிட்டு எழுந்தவன் தாளை ஈரம் படாத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை விடியுமுன் அவன் குழிக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டான். தாளும் வைத்த இடத்தில் இல்லை. பன்னிரண்டு மணிவாக்கில், மேர்சி மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது கொழும்பு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தனுஜா என்று ஒரு பெண், கம்பனி முன்மேசையில் இருக்கிறவள். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான்.

"மேர்சி அக்காவா? உங்கள் மாத்தையா, லியோன், இங்கே வந்திருக்கிறார். மற்றப் பங்குக்காரர்களைக் கூப்பிடச் சொல்கிறார்."

மேர்சிக்கு வெட்கத்தில் காது சுட்டது. கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எத்தனை பேர் என்று கேட்டார். நாலாயிரத்துச் சொச்சம் என்றேன். குழியிலிருந்து விலகுகிறவன் மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கமாம். அவ்வளவு பேருக்கு வாங்கத் தன்னிடம் காசில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை அக்கா. பதினோரு வருஷமாக இந்த மேசையில் இருக்கிறேன், போகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை."

"நாங்க எடுத்தா மத்தவங்களுக்கு நட்டமான்னு கேட்டாரா?"

"முதலில் கேட்டதே அதைத்தான். பொய் சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஒரேயடியாக எடுத்தால் பத்திரங்களைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டி வரும், நிற்கிறவர்களுக்குச் சதக் கணக்கில் குறையும் என்றேன். இந்த வாரம் நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள்."

"அப்ப எங்களுக்குக் குறைஞ்சதும் அப்படித்தானா?"

"வட்டியும் ஏறியது. இதுவும் கொஞ்சம்," என்றாள் தனுஜா.

போனை வைத்த பிறகு மேர்சி வெகுநேரம் வெற்றிலையை மெல்லவேயில்லை. நமக்கு முன்னால் போனவர்கள் நம்மிடம் சொல்லிக்கொண்டா போனார்கள் என்ற கேள்வி ஒரு பக்கம். அந்தப் பளிங்குத் தரையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் மனுஷன் ஒரு பக்கம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பிறகு போனைத் திறந்து, காணிக்குக் குறைகிற காசுக்கு ஆகட்டுமென்று, தரகர் கணக்கில் இருந்த தோட்டக் கம்பனிப் பங்கை விற்கப் போட்டாள். நாலாயிரத்து எழுநூறு. ஒரு வருஷ முதலாளித்தனம் அதோடு முடிந்தது.

பொழுது சாயும்போது லியோன் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"போட்டுட்டேன் கையெழுத்து," என்றான். "அந்தப் புள்ள ஒரு தாளு குடுத்துச்சு. ஏழு வரி எழுதிக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"பங்குக்காரங்களுக்கு. சிங்களத்துல. அதுலதான எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும். காணி வாங்க எடுக்குறோம், பயந்து ஓடலன்னு எழுதினேன். யாரு கேட்டாலும் காட்டுறேன்னு உள்ளுக்கு வச்சிருக்கு."

"ஒங்க ஏழு வரிக்கு மூணு நாளுல முப்பத்தஞ்சாயிரம் ரூவா," என்றாள் மேர்சி.

அவன் கொடியில் கிடந்த சட்டையை நேராக்கினான். "தெரியும் மேர்சி," என்று மட்டும் சொன்னான். அவள் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வங்கிக் கணக்குக்குப் பதின்மூன்று லட்சத்து எழுபத்தோராயிரம் வந்திருந்தது. விற்ற பங்கின் காசு, அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்திருந்த சில்லறை எல்லாம் சேர்த்தும் பதினாலு லட்சத்துக்கு இருபத்துமூவாயிரம் குறைந்தது. அத்தனையையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு இரண்டு பேரும் மக்கீன் கடைக்குப் போனார்கள். கடைக்கு முன்னால் குறுக்கே ஒரு நீளப் பலகை. தோட்டத்து ஆட்கள் ஆணி வாங்கினாலும் சரி, சீமெந்து வாங்கினாலும் சரி, பலகைக்கு வெளியேதான் நிற்பார்கள். அது யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. உள்ளே மக்கீன் பெயின்ட் டின் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

கடதாசியை வாங்கிப் பார்த்தார். "போன கெழம காசு முழுசா ஈக்கிதுன்டு தானே சொன்னீங்க? எஹலியகொட ஆள் விடிஞ்சதுலேந்து ரெண்டு தரம் கோல் எடுத்துட்டார்."

மேர்சி லியோனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பஸ்ஸில் வரும்போது இதற்கு அவள் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். இவரால்தான் முதலாளி, இவருடைய கிறுக்கால்தான் என்று. வாயில் வந்தது வேறு.

"இருந்துச்சுங்க மொதலாளி. ஒரு கம்பனியில போட்டு வச்சிருந்தோம். எடுக்கிறப்ப மத்த பங்குக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடுக்கணும்னு நாங்க மூணு நாளு நின்னுட்டோம். அதுக்குள்ள எறங்கிருச்சு."

நாங்க என்று அவள் சொன்னதும் லியோன் தலையைத் தூக்கினான்.

மக்கீன் சத்தமாகச் சிரித்துவிட்டார். "பங்குக்காரன்கிட்ட சொல்றதா? எந்தக் கம்பனியில அப்பிடி ஒரு சட்டம் ஈக்கிது?"

மேர்சி கம்பனியின் பெயரையும் எந்தத் திட்டம் என்பதையும் சொன்னாள்.

மக்கீனின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்தார்.

"அந்தக் கூட்டுறவு மண்டபத்துக் கூட்டம்," என்றார். "நானும் அதுலதான் ஈக்கிறேன். இந்தக் கெழம மட்டும் அறுவதாயிரம் எறங்கிட்டு. எவன் எவன் எடுத்தானோ."

லியோன் அரையடி முன்னால் வந்தான். குழி மேட்டில் பங்குக்காரர்கள் முன்னால் நிற்கிறவன் மாதிரியே இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"நாங்க எடுத்துட்டோம் மொதலாளி. புதன்கிழம. உங்களுக்குக் கொறஞ்சதுல எங்களாலயும் கொஞ்சம் இருக்கும். சொல்லிட்டு எடுக்கணும்னுதான் கொழும்பு வரைக்கும் போனேன். நீங்க இங்கன இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு."

ஒருவன் வந்து ஒன்றரை அங்குல ஆணி கால் கிலோ கேட்டான். அவனுக்குக் கொஞ்சம் பொறு என்று மக்கீன் கையைக் காட்டினார். கடதாசியை ஒருமுறை பார்த்தார், லியோனை ஒருமுறை பார்த்தார், கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பலகையின் ஓரத்தில் இருந்த கொளுக்கியைக் கழற்றி, பலகையை மேலே தூக்கி, தோளால் முட்டுக்கொடுத்தபடி நின்றார்.

மேர்சிக்கு முதலில் விளங்கவில்லை. லியோன்தான் அவள் முழங்கையைத் தொட்டான். இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். அங்கே இருந்ததே இரண்டு நாற்காலி. இரண்டிலும் பெயின்ட் டின் அடுக்கியிருந்தது. மக்கீன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் இறக்கி வைக்க ஆரம்பித்தார்.