துறைமுகச் சங்கும் புது மொழியும்

துறைமுகத்தில் மூடுபனி இறங்கினால் படகுகளுக்கு வழிகாட்ட ஒரு சங்கு ஊதும். அது எப்போது ஊத வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நிரலை எழுதியவள் அண்ணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தங்கை அதே அறைக்கு வேலைக்கு வந்து அப்படிக் கூப்பிடப்போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நிரல் சி என்ற பழைய கணினி மொழியில் இருந்தது. அண்ணிக்கு அது கைவந்த மொழி. அரைத் தூக்கத்தில் கணவனை உலுக்கி, அடைப்புக்குறியை மூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் சங்குக்கு ஒரு நோய் இருந்தது. எப்போதாவது, அடர்ந்த பனிக்கு நடுவே, திடீரென்று ஊமையாகிவிடும். சற்று நேரத்தில் தானே ஊதும். எவ்வளவு தேடியும் காரணம் அகப்படவில்லை.

“ரஸ்ட்னு புது மொழி இருக்கே, அதுல மாத்தி எழுதிடலாம் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“ஓடுற நிரலுக்கே சங்கு ஊதப் பாக்கறியா?”

“ஊத வேண்டியப்ப ஊதலையே, அதான் பிரச்சனை.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, ஒரு துண்டு மட்டும் எழுதிப் பாரு. உன் வாய அடைக்கத்தான்.”

ஒரு பிற்பகல் ஜன்னலுக்கு வெளியே கடலே இல்லை. பாரந்தூக்கிகளின் தலைகள் மட்டும் வெண்மையில் மிதந்தன. அறை தரையை விட்டுக் கிளம்பி மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சங்கொலி கண்ணாடியில் நடுங்கித் தேநீரில் வளையங்களாக விரிந்தது.

நாத்தனார் உச்சுக்கொட்டினாள். “நீங்க எழுதினத அப்படியேதான் எழுதினேன் அண்ணி. கம்பைலர் விடவே மாட்டேங்குது.”

“என்னவாம் துரைக்கு?”

“பனி அளவ ஒருத்தர் எழுதிட்டிருக்கும்போது இன்னொருத்தர் அதையே படிக்கக் கூடாதாம்.”

அண்ணி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நிரலைச் சோதிக்கும் கம்பைலர் திரையில் காட்டிய சிவப்பு வரியைப் படித்தாள். பனியை அளக்கும் பகுதியும் சங்கை ஊதும் பகுதியும் ஒரே இடத்தில் கை வைத்தன. அபூர்வமாக இரண்டும் ஒரே கணத்தில் வந்தால், பாதி எழுதிய எண்ணைப் படித்துவிட்டு, பனியே இல்லை என்று சங்கு நம்பிவிடும். பழைய மொழி அவளை நம்பி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டிருந்தது.

வெளியே, கண்ணுக்குத் தெரியாத ஒரு படகு மணியடித்தபடி நகர்ந்தது. அதில் யார் யாரோ இருந்தார்கள். அண்ணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

பழைய நிரலிலேயே, ஒரு பகுதி முடிக்கும்வரை மற்றது தொடாதபடி ஒரு பூட்டுப் போட்டுக் குறையை அன்றே சரிசெய்தாள்.

“தீர்ந்துச்சு,” நாத்தனார் சோம்பல் முறித்தாள். “இனி எதுக்கு மாத்தணும்? நல்லா ஓடுறத ஏன் கிளறணும்?”

“இப்பத்தான் மாத்தணும்.”

“என்ன அண்ணி, கட்சி மாறிட்டீங்க?”

“இது கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனையோ? எதிர்த்துக் கேள்வி கேக்க ஒரு ஆள் கூட இருக்கட்டும்.”

பனிக்காலம் முழுக்கத் துண்டு துண்டாக மாற்றினார்கள். அண்ணி நாள் தவறாமல் கம்பைலரிடம் திட்டு வாங்கினாள். பழைய நிரலை நிறுத்திய காலையில் அவள் அதைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தாள். நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள். இருவரும் இறங்கி, பக்கத்தில் வருபவர் முகமே தெரியாத வெண்மைக்குள் நடந்து, துறைமேடையின் விளிம்பில் நின்றார்கள். சங்கு ஊதியது.

“குரல் மாறவே இல்லையே,” என்றாள் அண்ணி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“ஊதற குழாய் அதேதானே அண்ணி!”