திம்மராயன் போட்ட ‘ப’

தாஹிரா வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நானோ ஓசூர் சிப்காட்டில் இந்தக் கல் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய முதல் அறிக்கையிலேயே மெட்ராஸ் மேலதிகாரி ஜேம்ஸ் சார் பச்சை மையில் ‘பிரமாதம்’ என்று எழுதினார். என் அறிக்கைகளில் அதுவரை எழுதியது ‘பார்த்தேன்’ மட்டும். எனக்கு வயிறு எரியாதா?

அந்த வருடம், 1987இல், இன்சார்ஜ் பதவி ஒன்று வந்தது. காவிரிப் படுகையில் துளை போட்டு எடுத்த கல் தண்டை யார் நன்றாக விளக்குகிறார்களோ அவருக்கே பதவி என்றார் ஜேம்ஸ் சார். முதல் தண்டு தாஹிராவுக்குப் போனது.

பல கோடி வருடங்களுக்கு முன் அங்கே நிலம் பிளந்து, நடுப்பகுதி தாழ்ந்து பள்ளமானது. விளிம்பு அசைந்தால் மேட்டிலிருந்து கூழாங்கல் சரிந்து குவியும். பள்ளம் தாழ்ந்து தண்ணீர் தேங்கினால் களிமண் படியும். எது கீழே, எது மேலே என்று தெரிந்தால்தான் நிலம் எப்போது அசைந்தது என்று சொல்லலாம்.

தண்டுகளைக் கழுவி அடுக்கும் திம்மராயன், ஆழம் எழுதி ஒட்டிய சீட்டை நனைத்துவிடுவான். அதனால் ஒரு முனையில் சாக்பீஸால் ‘ப’ என்று குறி போடுவான். அவன் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ‘பைன’ என்றால் மேலே. எனக்கு முதல் வருடமே தெரியும்.

காவேரிப்பட்டினத்துக்காரி தாஹிராவுக்குத் தெலுங்கு தெரியாது. “செல்விக்கா, ‘ப’ன்னா பாட்டம், அடிப்பக்கம்தானே?” என்று கேட்டாள்.

“ம்” என்றேன். அவ்வளவுதான். ஒரு எழுத்துதான் சொன்னேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜேம்ஸ் சார் வந்த அன்று அவள் அழகாகத்தான் சொன்னாள். முதலில் அமைதியான ஏரி, களிமண். பிறகு நிலம் அசைந்தது, கூழாங்கல் வந்தது. அவர் தண்டருகே குனிந்தார்.

“ஒவ்வொரு அடுக்குலயும் பருமணல் மேல இருக்கே. தண்ணியில கனமானதுதானேம்மா முதல்ல இறங்கும்? தலைகீழா வச்சுப் படிச்சிருக்கே.”

திம்மராயனைக் கூப்பிட்டார்கள். “‘ப’ன்னா பைன சார். மேல” என்றான்.

கூழாங்கல்தான் முதலில், களிமண் பிறகு. கதையே புரண்டுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம்.

“இது செல்விக்குத் தெரியுமே. உன்கிட்ட சொல்லலையா?” என்றார் ஜேம்ஸ் சார்.

தாஹிரா என்னை ஒருமுறை பார்த்தாள்.

“நான் அவங்களைக் கேக்கலைங்க சார். என் தப்புதான்.”

அடுத்த தண்டை நான் விளக்கினேன். பதவி எனக்கு வந்தது. திம்மராயன் போய் டீ வாங்கி வந்தான். அவளும் சிரித்தபடி கை கொடுத்தாள்.

இனியாவது வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அவள் இடத்தில் நான் நின்றிருந்தால், ‘கேக்கலை’ என்ற அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.