மங்கிய பச்சை

அக்காவின் பல்லில் கிருமி உயிரோடிருந்தால், அது ரத்தம் வழியே இதயத்துக்குப் பரவக்கூடும் என்பதால், நாளை அவளுக்கு இதய அறுவை சிகிச்சை கிடையாது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, அங்கே சுரண்டிய துகளை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, ஒளிரும் நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த கிருமி சிவப்பாகத் தெரியும், உயிருள்ளது பச்சையாகத் தெரியும். ஏழு பச்சைப் புள்ளிகள் இருந்தன.

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாக மங்கி, கடைசியில் ஒன்றுமில்லை.

"சுத்தமா இருக்கு," என்றேன்.

பக்கத்து மேசைத் தோழி திரும்பினாள். "எவ்வளவு நேரமா ஒரே இடத்தப் பாக்குற?"

வெளிச்சம் அதிக நேரம் பட்டால் சாயம்தான் வெளுக்கும், கிருமி சாகாது. புதிதாகச் சேருபவர்களுக்கு நானே சொல்லித்தருவது அது.

"பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமாடி? கண்ணாடித் தகட்ட நகத்திப் பாரு."

நகர்த்தினேன். புது இடம் முழுக்கப் பச்சை.

அக்காவைக் கைபேசியில் அழைத்தேன்.

"இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

"சரிடி. ஆஸ்பத்திரிக்குக் கட்டி வச்ச பையப் பிரிச்சிடறேன்," என்றாள்.