காய்ச்சலுக்கு ஒரு பத்லி

கணேசபாண்டியன் ஞாயிற்றுக்கிழமை வாந்திபேதியில் செத்துப்போனான். அடுத்த நாள் சாயங்காலம் மில் வாசலில் மேஸ்திரி முகம்மது ஹனீப் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் இடம் இனி எனக்குத்தான் என்றார். வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

நான் பத்லி. நிரந்தர ஆள் வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிற மாற்றாள். ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்னால் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மில் வாசலில் வரிசையாக நிற்போம். எத்தனை பேர் வரவில்லை என்று உள்ளேயிருந்து சொல்வார்கள். அத்தனை பேரை ஹனீப் எடுப்பார். மிச்சப் பேருக்கு, "கல் ஆவ்." நாளைக்கு வா. யுத்தம் வந்ததிலிருந்து மில் ராவும் பகலுமாக ஓடியது. ஆனாலும் பத்லி பத்லிதான். மூன்று மழைக்காலமாக நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"முதல் தேதி உன்னை நிரந்தரம் பண்ணிடுவாங்க," என்று ஹனீப் இந்தியில் சொன்னார். "அதுவரைக்கும் தினம் வந்து நில்லு. ஒரு காடா விழுந்தாலும் உன் பின்னாடி நிற்கிறவனுக்குப் போயிடும்."

வராத நாளுக்கு மில்லில் காடா என்று பேர். என் பின்னால் நின்றவன் வானமாமலை. எங்கள் சந்துக்காரன். தள்ளி நின்று பேசியும், ஹனீப் சொன்னது அவனுக்கும் கேட்டது. கேட்காத மாதிரி மூக்கைச் சொறிந்தான்.

தாராவியில் எங்கள் கோலி ஒற்றை அறை; அதில் ஏழெட்டுப் பேர் இருந்தோம், எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. சாப்பாடு ஆறுமுகத்தாய் அக்காவின் கானாவளியில். ஒரே அறை, ஒரே அடுப்பு. மாதச் சாப்பாட்டுக்காரர்கள் இருபது பேர் அங்கே உட்கார்ந்து எழுந்திருப்போம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தூங்கி எழுந்து போனபோது அக்கா கரண்டியோடு நின்றாள்.

"ஏல அய்யாத்துரை, நாளைக்குக் காலையில ஊசிக்காரன் வாரான். போட்டுக்கிட்டு வாரவனுக்குத்தான் இனிமே சோறு. இப்பமே சொல்லிட்டேன்."

"போட்டா காய்ச்சல் வரும்லா அக்கா."

"வரட்டும். செத்தாத்தான் வராது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முதல் தேதி வரைக்கும் எனக்குக் காடா விழக் கூடாது."

"கணேசபாண்டியனுக்குந்தான் காடா விழுந்ததே இல்ல. இப்பம் மொத்தமா விழுந்துட்டு." சோற்றை ஓங்கி வைத்தாள். "இந்தப் பந்தியில ஒருத்தன் வாந்தி எடுத்தான்னு வையி, முனிசிபாலிட்டிக்காரன் என் அடுப்பைப் பூட்டிட்டுப் போயிருவான். பொறவு நீயா வந்து எனக்குச் சோறு போடுவ?"

காலரா ஊசி ஒன்றும் புதிது இல்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் முனிசிபாலிட்டிக்காரர்கள் வருவார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவோம். இந்த வருஷம் அவர்களுக்கு முன்னால் நோய் வந்துவிட்டது.

ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருந்தேன். என் பாய்க்கு அடுத்த பாய் பூலோகத்தினுடையது. அவன் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தான். போன வாரம் அங்கே எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். போட்ட கையோடு, மழையில் தோல் காயாது என்று சொல்லி வேலையையும் நிறுத்திவிட்டார்கள். பூலோகம் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். கை தொடை மாதிரி வீங்கியது. அந்தக் கையோடு ரிங் மெஷின் முன்னால் நின்று, அறுகிற நூலை எல்லாம் ஓடி ஓடி ஒட்ட முடியாது.

ராத்திரி ஷிப்டுக்காரனுக்கு ஊசிக்கு ஏற்ற நாள் என்று ஒன்று கிடையாது. பகல்காரன் சனிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொள்ளலாம். எங்களுக்குச் சனிக்கிழமை ஷிப்டு ஞாயிறு விடிந்துதான் முடியும். அன்றைக்கு டிஸ்பென்சரி மூடியிருக்கும். இதையெல்லாம் பாயில் படுத்தபடி திருப்பித் திருப்பி யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தூக்கம்தான் போனது.

சாயங்காலம் மில்லுக்குப் போகும் வழியில் கணேசபாண்டியன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முனிசிபாலிட்டி ஆட்கள் பாயையும் தலையணையையும் வாசலில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. பினாயில் நாற்றம். அவன் பெண்சாதி செண்பகவல்லி படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கை வீங்கியிருந்தது. தெருவில் அவளுக்குத்தான் முதலில் போட்டார்களாம்.

"அவுக எடத்துல நீங்கதான் நிக்கியளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நல்லா நில்லுங்க," என்றாள். திட்டுகிறாளா, வாழ்த்துகிறாளா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தெம்பு இரண்டு பேருக்கும் இல்லை.

பின்னால் வந்த வானமாமலை என்னைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன வே, நாளைக்கு ஊசி போட்டுக்கிடப் போறீரா?"

"நீ?"

"நான் எதுக்கு? நீரு போட்டுக்கிடும். ஒடம்புதான வே முக்கியம்." பல்லைக் காட்டினான். "படுத்து நல்லா ரெஸ்ட் எடும்."

அன்றைக்கு என்னை உள்ளே எடுத்தார்கள். மறுநாள் காலையில் சோர்ந்து வந்து படுத்தபோது, வெளியே ஊசிக்காரர்கள் மேஜை போடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பூலோகம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"முழிச்சிக்கிட்டுத்தான கெடக்க?"

"ம்."

"ஒன் அட்டையை எங்கிட்டக் குடு. நீ ஊசியைப் போட்டுட்டுப் படு. நான் போய் ஒனக்காக நிக்கேன்."

"தோலைச் சொரண்டுத பயலுக்கு நூலைப் பத்தி என்னல தெரியும்?"

"ஊர்ல மில்லுல ஒரு வருசம் நின்னவன்தான நான்? நூல் எங்கயும் நூல்தான்."

"ஹனீப் மூஞ்சியைப் பாத்தா?"

"பாத்தா என்ன? அவனுக்கு மதராசின்னா எல்லாம் ஒரே மூஞ்சி. ஆளு பத்தாம அலையுதான். அட்டை இருந்தா எடுத்துக்கிடுவான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒருவன் அட்டையில் இன்னொருவன் நிற்பது எல்லாரும் செய்கிற காரியம்தான். கல்யாணம், கருமாதி, மூலம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மேஸ்திரிகளுக்கும் தெரியும். பத்லிக்கு ஒரு பத்லி. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாத அளவுக்குத் தூக்கம். இரும்புப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

வெளியே வரிசை குறைவாகத்தான் இருந்தது. டாக்டர் ஊசி போட்டார். பேர் எழுதுவதற்கும் தமிழில் பேசுவதற்கும் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்று ஒரு கிளார்க் வந்திருந்தார். ஸ்டவ்வில் ஊசி கொதித்தது.

"ராத்திரி ஷிப்டா? கண்ணெல்லாம் செவந்திருக்கே. இன்னிக்கு வேலைக்குப் போயிடாதேப்பா. ஜுரம் வரும். பேசாம படுத்துக்கோ."

"லீவு கெடையாது சாமி."

"கேட்டுப் பாரேன். எங்க ஆபீஸ்ல ஊசி போட்டுண்டா ஒரு நாள் குடுக்கறாளே."

"நீங்க ஆபீசு."

அவர் பேனாவை உதறினார். "எந்தக் கையில போடணும்? வேலை செய்யற கையில வேண்டாம்."

"ரெண்டும் வேலை செய்யுத கைதான்."

"அப்ப இடது கையை நீட்டு."

ஊசி பெரிதாக வலிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்றுகூட நினைத்தேன். பிறகு ஆரம்பித்தது. தலைக்குள் மெஷின் ஓடியது. பகல்காரர்கள் வந்து படுத்ததும், நான் முனகினேன் என்று யாரோ காலால் தள்ளிவிட்டதும் நினைவிருக்கிறது. அக்கா சொம்பில் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். குடித்தது வாயில் நிற்கவில்லை. காலராதான் வந்துவிட்டது என்று ஒருவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

வியாழக்கிழமை காலையில் பூலோகம் தலை முழுக்கப் பஞ்சோடு வந்தான். "எடுத்துட்டான்ல. ஒரு கேள்வி கேக்கல," என்றான். அன்று சாயங்காலமும் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. அவனே போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. பூலோகம் வந்து படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஏல அய்யாத்துரை."

"என்ன?"

"ராத்திரி ஆபீசுக்குக் கூப்புட்டான். காலராவுக்குப் பயந்து பாதி ஆளு ஊருக்கு ரயில் ஏறிட்டானாம். முதல் தேதி வரைக்கும் பொறுக்க முடியாது, அதுக்குப் பேரு குறிச்ச ஆளுகள இப்பமே நிரந்தரம் பண்ணுங்கன்னு மேலேயிருந்து உத்தரவு." பீடியை எடுத்தான். பற்றவைக்கவில்லை. "ஒன் பேருக்கு நேரா என் பெருவெரல வைக்கச் சொன்னான்."

"வச்சியா?"

"வைக்கலன்னா யாருடா நீன்னு கேப்பான். கேட்டா ஒன் அட்டையும் கிழியும். நான் என்னல செய்ய?"

அவன் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். உடம்பில் அதற்கு வலு இல்லை. கெட்டிக்காரத்தனமாக அவன் எதையும் பிடுங்கவில்லை. அவனும் தூங்காமல்தான் நின்றிருந்தான்.

"ஹனீப்கிட்டச் சொல்லிருவோம். என்ன ஆனாலும் ஆகட்டும்," என்றான். "நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். அவன் சாப்பாட்டுத் தூக்கை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. வாசலில் வழக்கமான கூட்டம். நிரந்தர ஆட்கள் ஒரு பக்கமாகப் போனார்கள். பத்லிகள் மறுபக்கம் நின்றார்கள். வானமாமலை முன்னால் நின்றான். பூலோகமும் தனக்கென்றுதான் வந்து நிற்கிறான் என்று நினைத்திருந்தவனுக்கு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

ஹனீப் கூப்பிட்டார். "அய்யாத்துரை!"

பூலோகம் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"அதான் கூப்புடுதாருல்லா, சொல்லும் வே," என்று வானமாமலை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "நீருதான அய்யாத்துரை?"

ஹனீப் திரும்பினார். என்னையும் பூலோகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்வதைச் சொல், எனக்கு ஆள் வேண்டும் என்பது மாதிரி நின்றார். நான் ஆமாம் என்றால் பூலோகத்தை வெளியே தள்ளுவார்கள். ஆள்மாறாட்டத்துக்கு என்னையும் தள்ளுவார்கள். கணேசபாண்டியன் இடம் வானமாமலைக்குப் போகும். இல்லை என்றால் என் பேரில் பூலோகம் உள்ளே போவான். எனக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. யோசிக்க அவ்வளவுதான் இருந்தது.

"நான் இல்ல," என்றேன். "அந்தா அவன். நான் சோறு குடுக்க வந்தவன்."

தூக்கைப் பூலோகத்தின் கையில் கொடுத்தேன். அவன் வாயைத் திறந்தான். "போல, நேரமாச்சு," என்றேன். போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும்.

பத்லிகளில் சிலரை எடுத்தார்கள். வானமாமலையை எடுக்கவில்லை, ஹனீபுக்கு அவன் மேல் என்ன கோபமோ. சங்கு ஊதியது. கூட்டம் கலைந்தது. நானும் அவனும்தான் ஒரே சந்துக்குப் போக வேண்டியவர்கள். மாகிம் பக்கம் திரும்பினோம்.

"கூறுகெட்ட மனுசன் வே நீரு," என்றான்.

"சரி."

கொஞ்ச தூரம் போனதும், "ஊசி ரொம்ப வலிக்குமோ?" என்று கேட்டான். "எதுத்த வீட்டுல ஒரு பொம்பளைக்கு நேத்து ராத்திரி வாந்தி."

"ஊசி வலிக்காது. அதுக்குப் பொறவுதான்."

"எத்தன நாளு?"

"எனக்கு ரெண்டு. மூணாவது நாளு எந்திரிக்கலாம்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். நான் இல்லாததால் இப்போது வரிசையில் அவன்தான் முதல் ஆள், காடா விழாமல் நின்றால் அடுத்துக் காலியாகிற இடம் அவனுக்கு. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"எம்பின்னால யாரு நின்னா, பாத்தீரா?" என்றான்.

நான் பார்த்திருக்கவில்லை.